பேரனின் நாட்டைக் காத்த பாட்டியார்: இராணி மங்கம்மாள்

காவிரி இரண்டாகப் பிரிந்து திருவரங்கத்தை அணைத்து ஓடும் நாட்டைப் பற்றிச் சமணர்க்கு மிகப் பழைய நினைவு ஒன்று உண்டு. புகார் நகரை விட்டுப் புறப்பட்ட கோவலனுக்கும் கண்ணகிக்கும் வழித்துணையாக வந்த கவுந்தியடிகள் இவ்வழியேதான் மதுரைக்கு நடந்தார். அரங்கத்தில் சாரணரைக் கண்டு அறவுரை கேட்டு, ஓடம் ஏறித் தென்கரை அடைந்து, உறையூர் சேர்ந்து, அங்கிருந்து மூவரும் தெற்கு நோக்கிச் சென்றதைச் சிலப்பதிகாரம் விரித்துரைக்கிறது. பகல் வெயிலைக் கண்ணகி தாங்க மாட்டாள் என்பதால் அவர்கள் நிலவொளியில் வழி நடக்க வேண்டியதாயிற்று. நிழலற்ற வழியில் ஒரு பெண் பட்ட துன்பத்தை அக்காப்பியம் மறவாமல் பதிந்து வைத்தது.

பல நூற்றாண்டுகள் கழிந்த பின், அதே சிராப்பள்ளிக் குன்றின் அடிவாரத்து அரண்மனையில் வாழ்ந்த பெண்மணி ஒருவர், வெயிலில் நடப்போரின் துன்பத்தைத் தம் துன்பமாக எண்ணினார். வழிகளை அமைத்தார், வழியெங்கும் மரங்களை நட்டார், கிணறு தோண்டினார், பசித்து வருவோர்க்குச் சத்திரங்களைக் கட்டினார். அவர் நாயக்கர் குலத்து அரசி. வைணவமும் சைவமும் போற்றிய இல்லத்தில் வாழ்ந்தவர். எனினும் அவர் செய்த தானங்களைச் சமணர் எவரும் தமக்கு அயலானவையாக எண்ண இயலாது. அவரே இராணி மங்கம்மாள். வரலாறு அவரை அரசி என்று அழைக்கிறது. ஆனால் அவர் அரசாண்ட காலம் முழுவதும் அவருக்குரிய உண்மையான பதவி ஒன்றே ஒன்றுதான். அவர் ஒரு குழந்தையின் பாட்டி.

இளமையும் இல்லறமும்

மங்கம்மாளின் தந்தை துபாக்கி லிங்கம நாயக்கர். மதுரை நாயக்க மன்னரிடம் படைத்தலைவராக இருந்தவர். 1659இல் அரியணை ஏறிய சொக்கநாத நாயக்கருக்கு மங்கம்மாள் மனைவியானார். திருமலை நாயக்கரின் பேரராகிய சொக்கநாதர் தலைநகரை மதுரையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு மாற்றிக்கொண்டார். மதுரையில் பாட்டனார் எழுப்பிய பேரரண்மனையின் பகுதிகளைப் பெயர்த்துக் கொணர்ந்து திருச்சியில் அரண்மனை கட்டினார் என்று சொல்லப்படும். மலைக்கோட்டையின் அடியில் அதன் கொலுமண்டபம் இன்றும் இராணி மங்கம்மாள் மகால் என்ற பெயரோடு நின்று அரசு அருங்காட்சியகமாக விளங்குகிறது. அம்மண்டபத்துக்கு மேலே, குன்றின் உச்சிக்கருகில், பழங்காலச் சமண முனிவர்கள் தங்கித் தவம் செய்த கற்படுக்கைகள் இருக்கின்றன. அரச வாழ்வின் ஆரவாரமும் துறவின் அமைதியும் ஒரே பாறையில் குடிகொண்ட ஊர் அது.

சொக்கநாதரின் ஆட்சிக்காலம் அமைதியானதன்று. தஞ்சை நாயக்கரோடு பகை மூண்டு, 1673இல் நடந்த போரில் தஞ்சை மன்னர் விஜயராகவ நாயக்கர் மாண்டார். வென்ற நாடும் நெடுநாள் நிலைக்கவில்லை. அது விரைவிலேயே மராட்டியர் வசமாயிற்று. மைசூர்ப் படைகள் ஒரு புறம், மராட்டியர் ஒரு புறம் என நாடு சுருங்கியது. ருஸ்தம்கான் என்ற குதிரைப்படைத் தலைவன் திருச்சிக் கோட்டையைத் தன் கைக்குள் கொண்டு மன்னரையே சில காலம் அடக்கி வைத்திருந்தான். இழப்பின் மேல் இழப்பு வந்து வருத்த, 1682இல் சொக்கநாதர் மறைந்தார்.

வெற்றியின் வெறுமையையும் போரின் விலையையும் மங்கம்மாள் தம் இல்லத்திலேயே கண்டுணர்ந்தார். பின்னாளில் அவர் எடுத்த முடிவுகள் பலவற்றுக்கு இந்தப் பட்டறிவே அடிப்படை.

நெருப்பை மறுத்த தாய்

அக்காலத்தில் நாயக்க மன்னர் இறந்தால் அரசியர் உடன்கட்டை ஏறுவதே பெருமை என்று கருதப்பட்டது. மங்கம்மாள் அந்த நெருப்பில் புகவில்லை. மகன் அரங்ககிருஷ்ண முத்துவீரப்ப நாயக்கர் இளம்பருவத்தினர். தாயும் இல்லையென்றால் மகன் பகைவர் நடுவில் தனித்து நிற்க நேரும். எனவே அவர் வாழ்வதைத் தேர்ந்தார். ஊரார் புகழும் சாவைக் காட்டிலும் கடமை நிறைந்த வாழ்வு கடினமானது. அந்தக் கடினமானதையே அவர் ஏற்றுக்கொண்டார்.

முத்துவீரப்பர் துணிவும் ஈகையும் உடையவர். தந்தை இழந்தவற்றுள் சிலவற்றை மீட்டார். தாயின் அறிவுரை அவருக்கு அரணாக இருந்தது. ஆனால் 1689இல் பெரியம்மை நோய் கண்டு அவர் இளமையிலேயே உயிர் நீத்தார். ஏழே ஆண்டுகளில் கணவனையும் மகனையும் இழந்து நின்றார் மங்கம்மாள்.

துயரம் அத்தோடு நிற்கவில்லை. மகனின் மனைவி சின்ன முத்தம்மாள் அப்போது கருவுற்றிருந்தார். கணவனோடு எரியில் மூழ்குவேன் என்று அவர் உறுதி கொண்டார். மாமியார் மருமகளைத் தடுத்தார். வயிற்றில் வளரும் உயிருக்கு உலகைக் காணும் உரிமை உண்டு என்று எடுத்துரைத்து, பிள்ளைப்பேறு வரையிலேனும் பொறுத்திருக்கச் செய்தார். ஆண் குழந்தை பிறந்தது. ஆயினும் முத்தம்மாளின் துயரம் ஆறவில்லை. பேற்றுக்குப் பின் சில நாளிலேயே அவர் தம் உயிரை முடித்துக்கொண்டார் என்று வரலாறு கூறுகிறது.

உயிர்களுக்கு அஞ்சேல் என்று அடைக்கலம் தருவதை அபயதானம் என்று சமண நூல்கள் போற்றும். நால்வகைத் தானங்களுள் அதற்கு உயர்ந்த இடம் உண்டு. மங்கம்மாள் செய்த முதல் தானம் அதுவே. பிறவாத ஒரு பேரனுக்கு அவர் உயிரை வாங்கித் தந்தார்.

தொட்டிலும் அரியணையும்

குழந்தைக்கு விஜயரங்க சொக்கநாதன் என்று பெயர் சூட்டப்பட்டது. பாட்டனாரின் பெயரும் அரங்கன் பெயரும் அதில் ஒன்றாக இணைந்தன. பிறந்து மூன்று திங்களே ஆன அக்குழந்தைக்கு முடிசூட்டி, அதன் பெயரால் ஆட்சிப் பொறுப்பை மங்கம்மாள் ஏற்றார். 1689 முதல் 1706 வரை அந்தப் பொறுப்பு அவர் தோளில் இருந்தது.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் நினைத்திருந்தால் தம் பெயராலேயே அரசாண்டிருக்கலாம். அரசு அவருடையதன்று, குழந்தையுடையது. அவர் வெறும் காவலர். பிறர் பொருளைத் தம் பொருளினும் மேலாகப் பேணிக் காத்து, உரியவர் வளர்ந்ததும் ஒப்படைப்பது அவர் ஏற்ற நோன்பு. ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் அமர்வோர்க்கும் ஒரு குடும்பத்தின் சொத்தைப் பேணும் மூத்தோர்க்கும் இதனினும் தெளிவான முன்மாதிரி கிடைப்பது அரிது.

மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் ஊஞ்சல் மண்டபத்து விதானத்தில் ஓர் ஓவியம் உண்டு. அங்கயற்கண்ணியின் திருமணக் காட்சி அது. அதைக் கண்டு தொழுவோராக மங்கம்மாளும் சிறுவன் விஜயரங்கனும் தீட்டப்பட்டிருக்கின்றனர். அரச மரபைக் காட்டும் ஓவியங்கள் பெரும்பாலும் மன்னனையும் மனைவியரையுமே காட்டும். இங்கோ பாட்டியும் பேரனும்.

போரும் பொறுமையும்

மங்கம்மாள் பொறுப்பேற்ற நாளில் தமிழகத்தின் வடபகுதி போர்க்களமாக இருந்தது. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தது. மேல்சித்தாமூர் மடமும் தமிழ்ச் சமணர் ஊர்கள் பலவும் அமைந்த சீமை அது. எட்டாண்டுகள் ஒரு கோட்டையைச் சூழ்ந்து பெரும்படை தங்கினால் சுற்றியுள்ள ஊர்களின் விளைச்சலுக்கும் மாட்டுக்கும் என்ன நேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அந்த நெருப்பு காவிரிக்கரையைத் தீண்டாமல் காப்பதே மங்கம்மாளின் முதல் வேலையாயிற்று. முகலாயத் தளபதி சுல்பிகர்கானுக்குத் திறை செலுத்த அவர் இசைந்தார். வீரம் பேசுவோர்க்கு அது தாழ்வாகத் தோன்றியிருக்கலாம். பொன் போனால் மீண்டும் ஈட்டலாம். போன உயிர் மீளாது என்பதைக் கணவன் காலத்திலேயே கண்டறிந்தவர் அவர். அந்த நட்பைக் கொண்டு, பிறர் கவர்ந்திருந்த தம் நிலப்பகுதிகள் சிலவற்றையும் மீட்டுக்கொண்டார்.

அவர் போரே செய்யவில்லை என்று கூறுவது உண்மைக்குப் புறம்பாகும். திருவிதாங்கூர் மன்னர் செலுத்த வேண்டிய திறையை நிறுத்தியபோது, 1697இல் தளவாய் நரசப்பையர் தலைமையில் படை சென்றது. தஞ்சை மராட்டியர் எல்லை கடந்து கொள்ளையிட்டபோது, 1700ஐ ஒட்டி அதே தளவாய் கொள்ளிடத்தைக் கடந்து சென்று அவர்களைப் பணிய வைத்தார். 1702இல் இராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதியின் மேல் எடுத்த படையெடுப்போ தோல்வியில் முடிந்தது. நரசப்பையர் களத்தில் மாண்டார். மங்கம்மாளின் ஆட்சியில் பெரும் பிழை என்று ஒன்றைச் சுட்ட வேண்டுமானால் அது இந்தப் படையெடுப்பே. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்டோர் இதனை மறைக்கவும் வேண்டா. இதனால் அவருடைய நற்செயல்களை மறக்கவும் வேண்டா.

பகையை மறக்கும் பெருந்தன்மை அவருக்கு இருந்தது. மைசூர் மன்னர் சிக்க தேவராயர் காவிரியின் குறுக்கே அணையெழுப்பி நீரைத் தடுத்தபோது, திருச்சியும் தஞ்சையும் ஒருங்கே வறண்டன. சிறிது காலத்துக்கு முன் போரிட்ட தஞ்சை மராட்டியரோடு மங்கம்மாள் கைகோத்தார். இரு படைகளும் மைசூர் நோக்கிப் புறப்பட ஆயத்தமாயின. அதற்குள் மேற்கே பெருமழை பெய்து, வெள்ளம் அணையை உடைத்துக்கொண்டு வந்தது. ஓர் உயிரும் களத்தில் விழாமலே காவிரி மீண்டும் திருவரங்கத்தைத் தழுவியது. ஆற்று நீர் வந்தால் மட்டும் போதாது, அது வயலுக்குச் சேர வேண்டும் என்பதையும் மங்கம்மாள் அறிந்திருந்தார். திருச்சியின் வயல்களுக்கு உயிரூட்டும் உய்யக்கொண்டான் வாய்க்காலைச் செப்பனிட்ட பெருமையும் அவருக்கு உண்டு.

பல சமயத்தார்க்கும் நிழல்

தாம் வழிபடும் தெய்வத்திடம் ஆழ்ந்த பற்றுடையவர் பிறர் வழிபாட்டை இகழ வேண்டியதில்லை என்பதற்கு மங்கம்மாள் சான்று. மதுரைக் கோயிலுக்குப் பெருங்கொடைகள் அளித்தவர், திருச்சியில் உள்ள நத்தர்வலி தர்காவுக்கும் ஊர்களை மானியமாக வழங்கினார். 1701ஆம் ஆண்டு ஆவணம் அதனை உரைக்கிறது. கிறித்துவத் துறவியாகிய பூஷே பாதிரியாரைத் தம் அரசவையில் மதிப்புடன் வரவேற்கச் செய்தார். அண்டை நாட்டில் அருளானந்தர் என்ற துறவி 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட காலம் அது என்பதை நினைத்தால், இந்த வரவேற்பின் அருமை விளங்கும்.

மதுரையில் பட்டு நெய்த சௌராட்டிர மக்கள் தம் மரபுச் சடங்குகளைச் செய்வதற்குத் தடை எழுந்தபோது, வழக்கு அரசியிடம் வந்தது. அறிஞர்களைக் கூட்டி ஆராய்ந்து, அச்சடங்குகளை அவர்கள் செய்துகொள்ளலாம் என்று அவர் ஆணை வழங்கினார். எண்ணிக்கையில் சிறிய ஒரு சமூகம் தன் மரபைத் தடையின்றிப் பேணுவது எத்தகைய பேறு என்பதைத் தமிழ்ச் சமணர்க்குப் பிறர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பொருளுக்குப் பல பக்கங்கள் உண்டு என்னும் அநேகாந்த நெறியை மங்கம்மாள் நூல்வழிக் கற்றிருக்க மாட்டார். ஆனால் நடையில் அந்த நெறிக்கு அணுக்கமாகவே நின்றார்.

சாலையும் சோலையும்

மங்கம்மாளின் பெயர் இன்றும் மக்கள் வாயில் வழங்குவதற்குப் போர்களோ மானியங்களோ காரணமல்ல. மதுரையிலிருந்து குமரி நோக்கிச் செல்லும் பழைய வழிகளை இன்றும் தென்பாண்டி நாட்டு மக்கள் மங்கம்மாள் சாலை என்கின்றனர். அக்காலத்தில் பொதுமக்கள் கால்நடையாகவே பயணம் செய்தனர். திருவரங்கத்துக்கும் இராமேசுவரத்துக்கும் செல்லும் அடியவர், பொதிமாடு ஓட்டும் வணிகர், மகளைக் காணச் செல்லும் தாய் எனப் பலரும் நாள் கணக்கில் வழி நடந்தனர். அவர்களுக்கு மூன்று தேவைகள் இருந்தன: நிழல், நீர், இரவில் தங்கப் பாதுகாப்பான இடம்.

அந்த மூன்றையும் மங்கம்மாள் ஒருங்கே அளித்தார். சாலையின் இரு மருங்கிலும் நிழல் மரங்கள். இடையிடையே கிணறுகளும் தண்ணீர்ப் பந்தல்களும். வழிநடையாளர் தங்கி உண்ணச் சத்திரங்கள். மதுரை இரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. சத்திரத்தைக் கட்டுவது எளிது. நாள்தோறும் அங்கே அடுப்பெரியச் செய்வதே அரிது. அதற்காகச் சத்திரங்களுக்கு நிலங்கள் எழுதி வைக்கப்பட்டன. கொடுத்தவர் மறைந்த பின்னும் கொடை நடக்க வேண்டும் என்ற முன்னறிவு அது.

இந்தச் சாலைகளின் பிறப்பைப் பற்றி மக்கள் வழங்கும் கதை ஒன்று உண்டு. ஒருநாள் அரசி நினைவின்றி இடக்கையால் தாம்பூலம் எடுத்துத் தரித்துவிட்டாராம். அறியாமல் செய்த அச்சிறு பிழைக்குக் கழுவாயாகவே சாலைகளையும் சோலைகளையும் அமைத்தாராம். கதை நடந்ததோ இல்லையோ, அதனைக் கட்டிய மக்கள் தம் அரசியை நன்கு அறிந்திருந்தனர். நாள்தோறும் அறியாமல் நேரும் பிழைகளை எண்ணி வருந்தி நீங்கும் பிரதிக்கிரமணத்தைக் கடைப்பிடிக்கும் குடும்பங்களுக்கு இக்கதையின் பொருள் உடனே விளங்கும். தவற்றை எண்ணி அழுவதோடு நில்லாமல், பிறர் நடக்க ஒரு வழி செய்து கொடுத்தலே நல்ல கழுவாய்.

இறுதி நாட்கள்

1706இல் மங்கம்மாள் மறைந்தார். பேரன் தன் உரிமை அரசைப் பெற்றான். பாட்டியின் முடிவைப் பற்றி நெஞ்சை உருக்கும் செவிவழிச் செய்தி ஒன்று வழங்குகிறது. அரசியின் மேல் ஐயம் கொண்டோர் பேரனைத் தூண்ட, அவர் அரண்மனையிலேயே சிறை வைக்கப்பட்டார் என்றும், உணவு கண்ணில் படும்படி வைத்து எட்டாதபடி செய்து பட்டினியால் மாள விட்டனர் என்றும் அது கூறும். இதற்கு உறுதியான சான்று இல்லை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. மனமுவந்து ஏற்கும் சல்லேகனைக்கும் பிறர் சுமத்தும் பட்டினிக்கும் உள்ள தொலைவை அறிந்தோர், இக்கதையைக் கேட்டு மேலும் வருந்துவர். நாடெங்கும் அடுப்பெரியச் செய்தவர் பசியால் மாண்டார் என்று மக்கள் மூன்று நூற்றாண்டுகளாகச் சொல்லி வருவது, அவருக்கு உரிய நன்றி செலுத்தப்படவில்லை என்ற குறையினால்தான் போலும்.

முதியோரின் உழைப்பில் வளர்ந்த இல்லங்களில், பொறுப்பு இளையோர் கைக்கு மாறும் வேளை எப்போதும் மென்மையானது. கொடுப்பவர் முகம் வாடாமல் வாங்கிக்கொள்ளும் பண்பு இல்லையேல், வாங்கிய செல்வம் எவ்வளவாயினும் மனத்தில் ஒரு முள் தங்கிவிடும். மங்கம்மாள் கதை உண்மையாயினும் கற்பனையாயினும் ஒவ்வொரு தலைமுறைக்கும் அந்த எச்சரிக்கையை விடுத்துக்கொண்டே இருக்கிறது.

திருவரங்கத்தில் கைகூப்பி

விஜயரங்க சொக்கநாதர் 1732 வரை அரசாண்டார். பாட்டியிடம் இருந்த ஆட்சித் திறம் அவருக்கு வாய்க்கவில்லை. ஆனால் பாட்டியின் பக்தியும் கொடையுள்ளமும் நிறைய வாய்த்தன. கோயில் கோயிலாகச் சென்று வழிபட்டார், அளவின்றிக் கொடுத்தார், தெலுங்கில் சமய நூல்கள் இயற்றினார். அவருக்குப் பின் மனைவி மீனாட்சி சில ஆண்டுகள் ஆள, 1736இல் சந்தா சாகிபின் கைக்கு நாடு போய், நாயக்கர் அரசு முடிவுற்றது.

திருவரங்கக் கோயிலில் விஜயரங்கரும் அவர் குடும்பத்தாரும் அரங்கனை நோக்கிக் கைகூப்பி நிற்கும் உருவங்களை இன்றும் காணலாம். அணிகலன்களோடு அடக்கமாக நிற்கும் அந்த மன்னர், மூன்று திங்கள் குழந்தையாக ஒரு பாட்டியின் மடியில் முடிசூடியவர். அவர் பிறப்பதற்கே காரணமாக இருந்தவர் அந்தப் பாட்டி.

தமிழ்ச் சமணர் தம் வரலாற்றில் அரச குலப் பெண்மணிகளை மறந்ததில்லை. திருமலையில் ஜினாலயம் கண்ட குந்தவைப் பிராட்டியின் பெயரை அவ்வாலயமே சுமந்து நிற்கிறது. மங்கம்மாள் ஜினாலயம் எழுப்பியவர் அல்லர். அவர் எழுப்பியவை நிழலும் நீரும் சோறும் அடைக்கலமும். மகாவீரர் பிறந்த நன்னாள் கோடை தொடங்கும் வேளையில் வருகிறது. அன்று தெருமுனையில் நீர்மோர்ப் பந்தல் அமைத்து, வழியே செல்வோரின் சாதியும் சமயமும் கேளாமல் ஒரு குவளை நீட்டும் இல்லங்கள் பல. அவ்வில்லங்களில் பானையருகே அமர்ந்து, பேரப்பிள்ளைகளின் கையில் குவளையைக் கொடுத்து அனுப்பும் பாட்டியர் உண்டு. காவிரிக்கரையில் வாழ்ந்து மறைந்த அந்தப் பாட்டியாரின் சாலை அங்கே இன்னும் நீண்டுகொண்டிருக்கிறது.